முள்ளம்பன்றி வரைந்த குளம்

ஒரு காட்டில் தண்ணீர் குறைந்துகொண்டே போகும் ஒரு குளம் இருந்தது. அதன் கரையில் வேலை கூடிக்கொண்டே போகும் ஒரு முள்ளம்பன்றியும் இருந்தது. கணக்கையெல்லாம் எப்படிப் படமாக வரைவது என்று காட்டுக்கே வகுப்பெடுப்பது அதுதான். நல்ல மனசுக்காரன், பாவம். யாராவது பாராட்டிவிட்டால் மட்டும் கால் தரையில் நிற்காது.

அது குளத்து ஆழத்தைப் பாறையில் தூண் தூணாக வரைந்து வைத்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு தூண். தூணெல்லாம் குட்டையாகிக்கொண்டே வந்தன.

ஆமை பேச்சியம்மா வந்து கேட்டாள். "வாத்தியாரே, குளம் வத்திருமா? ஆத்துக்குப் போகணும்னா நான் இப்பவே கிளம்பணும். என் நடைதான் உங்களுக்குத் தெரியுமே."

"வாயால சொல்ல மாட்டேன்க்கா. நல்ல படத்துக்கு விளக்கமே தேவையில்லைங்கிறதுதான் என் ஆராய்ச்சி. நாளைக்கு எல்லாருக்கும் காட்டுறேன், வந்து பாருங்க."

சாயங்காலம் கொக்கு வந்தது. மீன்கள் விஷயம் தெரிந்து வாய்க்கால் வழியே கிளம்பிவிட்டால் அதன் சாப்பாட்டில் மண். "படம் பிரமாதம் ஐயா," என்றது. "ஆனா தூணெல்லாம் சின்னதாகிட்டே போகுதே, பார்க்கிறவங்க மனசு சோர்ந்துடாதா? தண்ணி எவ்வளவு இருக்குன்னு வரையாம, கரையிலிருந்து எவ்வளவு கீழே போயிருக்குன்னு வரைங்க. தூண் வளரும்."

"பொய்யாகிடாதே?"

"அளவெல்லாம் உங்க அளவுதானே ஐயா."

மறுநாள் பாறையில் நீல நிறத் தூண்கள் நெடுநெடுவென வளர்ந்து நின்றன. கூட்டம் வாயைப் பிளந்தது. "குளம் என்னமா வளர்ந்திருக்கு பாரேன்," என்று மீன்கள் பூரித்துப்போயின. எல்லாரும் கைதட்டிய சந்தோஷத்தில் காட்டுப்பன்றி பின்னால் நகர, பேச்சியம்மா உருண்டு மல்லாக்க விழுந்தாள்.

விழுந்த இடத்திலிருந்து பார்த்தால் படம் தலைகீழாகத் தெரிந்தது. தூண்கள் கரைக் கோட்டிலிருந்து தொங்கின. கடைசித் தூணுக்கும் குளத்துத் தரைக் கோட்டுக்கும் நடுவில் கொஞ்சூண்டு இடம்தான் மிச்சம். அந்தக் கொஞ்சூண்டுதான் தண்ணீர் என்று புரிந்ததும் அவள் காலை உதைத்துக்கொண்டு கத்தினாள்.

"யாராவது என்னைத் திருப்பி விடுங்கப்பா. தண்ணி தீரப் போகுது, நான் கிளம்புறேன்."

"அக்காவுக்குப் படம் பார்க்கத் தெரியலை," என்று முள்ளம்பன்றி வருத்தத்தோடு அவளைப் பெயிலாக்கியது. எல்லாரும் சிரித்தார்கள். காட்டுப்பன்றி திருப்பிவிட்டதும் அவள் பாட்டுக்கு நடந்தாள்.

கோடையில் குளம் வற்றியது. பேச்சியம்மா ஆற்றில் சுகமாக நீந்துகிறாள் என்று சேதி வந்தபோது முள்ளம்பன்றி இடிந்துபோனது. நம்மிடம் படித்தவர்களுக்குப் புரியாதது பெயிலானவளுக்கு எப்படிப் புரிந்தது? இரவு பகலாக ஆராய்ந்து கடைசியில் கண்டுபிடித்தது. படத்தில் குற்றமே இல்லை, பார்த்தவர்கள் நின்ற நிலையில்தான் குற்றம். இனிமேல் எல்லாரும் மல்லாந்து படுத்துத்தான் படம் பார்க்க வேண்டும் என்று பாடத்தை மாற்றியது.

குளத்துச் சேற்றிலேயே தேர்வு நடந்தது. காட்டுப்பன்றிக்குப் புரளவே வரவில்லை. முயல் படுத்ததும் தூங்கிவிட்டது. மீன்கள் மட்டும் ஏற்கெனவே வரிசையாக மல்லாந்து கிடந்தன. அத்தனை பேருக்கும் முழு மதிப்பெண். பரிசை ஒவ்வொருவரிடமும் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பைக் கொக்கு ஏற்றுக்கொண்டது.

நீதி: வளர்ச்சியைப் படமாகக் காட்டினால் தாராளமாகக் கைதட்டலாம், தப்பில்லை. அந்தக் கூட்டத்தில் மல்லாக்க விழுவதற்கு மட்டும் கொஞ்சம் அதிர்ஷ்டம் வேண்டும்.