தளபதி தமிழ்வேந்தன் கண்ட முதற்போர்

மணல் பெருகியோடும் பாலாற்றங்கரையில், தோல் மணக்கும் ஆம்பூர் நன்னகரில், ஷூ கம்பெனியின் மூன்றாம் லைனைத் தொண்டை ஒன்றாலேயே கட்டியாளும் சூப்பர்வைசர் திலகமே, ஒரு தையல் பிசகினும் உறுமி எழும் ஆண் சிங்கமே, தமிழ்வேந்தா, நின் கொற்றம் வாழ்க! நின் புகழைப் பாடப் புகுந்த எம் நா வறளாதிருக்க எல்லாம் வல்ல தெய்வம் அருள்க!

ஞாயிறுதோறும் கிறிஸ்டினா வீட்டுக் கூடத்தில், பகடை உருட்டிக் கதைக்குள் புகுந்து போர்புரியும் விளையாட்டு ஒன்று நடந்துவந்தது. கதையை நடத்துபவளும் அரக்கர்களை ஏவுபவளும் கிறிஸ்டினா. காஷிஃப் வாள்வீரன், மோகனா சூனியக்காரி. வார நாட்களில் மூவருக்கும் அதே மூன்றாம் லைனில்தான் வேலை. விதிநூல் விரித்துவைத்த வேடங்களில் ஒன்றுகூட, ஆட்டத்தில் சேர வந்த நம் நாயகனின் திருவுளத்துக்கு ஒவ்வவில்லை. தான் ஓர் அடியும் அடியாமல், பின்னால் நின்று அதட்டியே பிறரை அடிக்கவைக்கும் பெருந்தகையாளன் ஒருவனைத் தானே படைக்கத் துணிந்தான். பழக்கதோஷம் யாரை விட்டது?

ஊணும் உறக்கமும் மறந்து, அழித்தும் திருத்தியும், அவன் ஈன்றெடுத்த வேடத்துக்குத் 'தளபதி' என்று பெயர். தளபதி 'அர்ஜென்ட் ஆர்டர்' என்று முழங்கினால் தோழன் இருமுறை வெட்டுவான். 'ரீவொர்க்' என்று சீறினால் தவறிய அடியை மறுபடி அடிப்பான். 'ஓவர்டைம்' என்று கர்ஜித்தாலோ உயிர் ஊசலாடும் வேளையிலும் ஓயமாட்டான். ஒரு போரில் தாக்குப்பிடித்தால் தளபதியைச் சேர்த்துக்கொள்ளலாம், செத்தால் கிழித்துப் போட்டுவிடலாம் என்று தீர்ப்பளித்தாள் கிறிஸ்டினா. பெற்ற பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்த தகப்பனைப்போல், நாயகன் தளபதியை எழுதிய தாளை இரு கையாலும் நீட்டினான்.

எழுந்தது போர்! மலையன்ன தோளும் மடுவன்ன வாயும் கொண்ட அரக்கன் ஒருவன், கிறிஸ்டினாவின் விரலிடுக்கில் சிக்கிய பிளாஸ்டிக் பொம்மையாய், மேசையதிர நடந்துவந்தான். தமிழ்வேந்தன் நாற்காலிமேல் ஏறி நின்று, மேல்வீட்டுக் குழந்தை விழித்தழ, "அர்ஜென்ட் ஆர்டர்!" என்று முழங்கினான்.

காஷிஃப் பகடையைக் கீழே வைத்தான்.

"ஞாயித்துக்கிழமையும் அர்ஜென்ட் ஆர்டரா? இன்னாணா இது, பேஜாரு!"

"ஆறு நாளா இதே சத்தந்தான் கேக்குறோம். என் சூனியக்காரி இன்னிக்கு லீவு," என்றாள் மோகனா.

அந்தோ! ரீவொர்க் என்றான், காஷிஃப் கொட்டாவி விட்டான். ஓவர்டைம் என்றான், மோகனா செல்போனை எடுத்தாள். ஏவுவார் இருந்தும் எழுவார் இல்லாத அக்களத்தில், அரக்கனின் தண்டம் தளபதியின் தலைக்கு நேரே ஓங்கியது. பாவம், அவனுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. யாரும் தன் பேச்சை விரும்பிக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

சாகும் நேரத்தில் 'சங்கரா' என்பதுபோல், விதியில் இல்லாத ஒன்றை அவன் வாய் தானாகக் கூவியது: "டீ பெல்!"

என்னே அம்மொழியின் வலிமை! வாள்வீரன் வாளை எறிந்து களத்திலேயே கால்நீட்டினான். சூனியக்காரி சிரித்தபடி அவனருகே அமர்ந்தாள். இருவரின் ஆறு நாள் களைப்பும் ஆறியது. கிறிஸ்டினாவின் கையோ, மணியடித்தால் வேலையை விடும் பல்லாண்டுப் பழக்கத்தால், அரக்கனை அப்படியே விட்டு விலகியது. ஓங்கிய தண்டம் ஓங்கியபடியே நின்றது.

"அரக்கனுமா நிக்கிறான்?" என்றான் தமிழ்வேந்தன் நம்பமாட்டாமல்.

"பெல் அடிச்சா பெல்லுதான். அரக்கனா இருந்தா மட்டும் இன்னா, அவனுக்கு டீ வேணாமா?" என்றாள் கிறிஸ்டினா.

அவ்வண்ணமே, மற்ற மூன்று வல்லமைகளும் அடித்துத் தள்ளப்பட்டு, மணியடிக்கும் ஒரே வரத்தோடு, மூவுலகும் வியக்கத் தளபதி ஆட்டத்தில் சேர்க்கப்பட்டான். விண்ணவர் பூமாரி பொழிந்தனர். வெற்றித்திருமகள் அவன் தோளில் வந்தமர்ந்தாள்.

"பெல் அடிச்சாச்சுல்ல, டீ எங்கணா?" என்றான் காஷிஃப்.

தமிழ்வேந்தன் செருப்பை மாட்டிக்கொண்டு நாலு டீ வாங்கப் போனான்.