வெறும் தனலட்சுமி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிறவள் இல்லை. பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ஜவுளிக் கடையில் ஜாக்கெட் துணிக்குப் போட்ட பில்தான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், எழுதச் சொன்னால் கை வியர்க்கும். இருந்தாலும் எங்கள் வீட்டில் இந்தக் கதையை ஆளுக்கு ஆள் கூட்டிச் சொல்லி, இப்போது நான் கோர்ட்டில் மேசை மேல் ஏறி நின்றதாகவே ஆகிவிட்டது. நான் மேசை மேல் ஏறவில்லை. அதைச் சொல்வதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஆண்களுக்குப் பிறந்ததிலிருந்து கடைசிவரை ஒரே பேர். பெண்களுக்கு அப்படியில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா எழுத்து, பின்னால் புருஷன் எழுத்து. பஸ் மாறுவது போல மாறிக்கொண்டே இருக்க வேண்டும். நான் சாரம் என்கிற பகுதியில் பிறந்து வளர்ந்த க. தனலட்சுமி. அந்தக் 'க' என் அப்பா கண்ணையன், மில் தொழிலாளி. எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பேர் விநாயகம். (இதை இப்போது எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன் பாருங்கள்!)

அவர் ஒரு நொத்தேர் ஆபீசில் குமாஸ்தா. பத்திரம் பதிகிற அந்த ஆபீசுக்கு பிரெஞ்சு குடியுரிமை வைத்திருக்கிற தமிழ்க் குடும்பங்கள் நிறைய வரும். அங்கே வருகிற பெண்களையெல்லாம் மதாம் என்று சொல்லி, பின்னால் புருஷனுடைய குடும்பப் பேரைச் சேர்த்துக் கூப்பிடுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு இவருக்கும் ஆசை வந்துவிட்டது. கல்யாணமான முதல் வாரமே சொன்னார்:

"இனிமே நீ க. தனலட்சுமி இல்ல. தனலட்சுமி விநாயகம். முழுசா எழுதணும், முழுசா சொல்லணும். கேக்கவே எவ்ளோ கெத்தா இருக்குது பாரு."

வாசலில் பெயர்ப் பலகை வந்தது. ரேஷன் கார்டு மாறியது. நான் வேலை பார்த்த ஜவுளிக் கடைக்கே வந்து, முதலாளியிடம் சொல்லி ஆஜர் புத்தகத்திலும் மாற்றிவிட்டுப் போனார். ஒருநாள் அண்ணியோடு எங்களைப் பார்க்க வந்தபோது அப்பா பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாம் இருக்குது. என்னோட 'க' எங்க?"

"விடுங்க மாமா, ஒத்த எழுத்து. அத வெச்சுக்கினு அவ என்ன மாடா மேய்க்கப் போறா?" என்றார் அண்ணி. எங்கள் அண்ணிக்கு நெஞ்சுக்கும் வாய்க்கும் நடுவில் கதவு கிடையாது.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. கட்டிக்கொடுத்து அனுப்பும்போது அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினார். புருஷன் பேரை வாயால் சொல்லக்கூடாது, சொன்னால் அவர் ஆயுசு குறையும். அம்மாவே அப்பாவை ஒருநாளும் பேர் சொல்லி அழைத்ததில்லை. 'இந்தா', 'த பாரு', அதுவும் இல்லையென்றால் ஒரு இருமல். அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை. அவர் பேரில் அப்பா பேர் ஒட்டியிருக்கவில்லை. எனக்கோ புருஷன் பேரே என் பேரில் பாதி. ஆக, கல்யாணம் ஆனதிலிருந்து என் பேரை என்னால் சொல்ல முடியாமல் போய்விட்டது.

கடைக்குப் புதிதாக வந்த சூப்பர்வைசர் கேட்டார், "உன் பேர் என்னம்மா?"

"தனலட்சுமிங்க."

"தனலட்சுமின்னா?"

"மீதி அதுல எழுதியிருக்குது சார். நீங்களே படிச்சிக்குங்க."

அவர் என்னைப் படிக்காதவள் என்று முடிவுசெய்து, ஒரு மாதம் எல்லாவற்றையும் உரக்கப் படித்துக் காட்டினார்.

ஒருமுறை காய்ச்சலுக்கு ஒரு கிளினிக் போனேன். மருந்து கொடுக்கிற ஜன்னலில், "தனலட்சுமி நாலு பேர் இருக்காங்க, நீங்க எந்த தனலட்சுமி?" என்றார்கள். மீதிப் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. "கடைசியா வந்தவங்க" என்றேன். எனக்குப் பின்னால் இன்னொரு தனலட்சுமி வந்து நின்றதை நான் பார்க்கவில்லை. அந்தம்மாவுடைய பூச்சி மாத்திரையை இரண்டு வேளை சாப்பிட்டேன். காய்ச்சல் அப்படியே இருந்தது. பூச்சிகள் இருந்திருந்தால் போயிருக்கும்.

இப்படியே சில வருஷம் ஓடியது. பிறகு அவரும் ஓடினார். மூலக்குளத்தில் வேறொரு பெண்ணோடு குடித்தனம் வைத்துவிட்டார். பேர் மட்டும் என்னிடம் இருந்தது, ஆள் மூலக்குளத்தில் இருந்தார். அண்ணி ஒருநாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து மூச்சிரைக்கச் சொன்னார்:

"அங்கயும் போர்டு மாட்டியிருக்காண்டி! அவ பேருக்குப் பின்னாலயும் இவன் பேருதான்! ஒரு பேரு, ரெண்டு பொண்டாட்டி! சினிமாவுக்கு ஒரே டிக்கெட்ல ரெண்டு பேரு போறாப்பல!"

விவாகரத்து கொடுங்கள் என்று ஆள் விட்டுக் கேட்டோம். மாட்டேன் என்றார். கொடுத்த பேரைத் திருப்பி வாங்கும் பழக்கம் அவருக்கு இல்லையாம். எனக்கு ஒன்றும் பெரிய ஆசையில்லை. அந்தப் பேரைக் கழற்றி வைத்துவிட்டு, யாராவது கேட்டால் என் பேரை முழுசாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதற்காகக் கோர்ட்டுக்குப் போனோம்.

எங்கள் வக்கீல் வயதானவர். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து தொழில் பார்த்தவர் என்பதால் எல்லாரும் அவரை பிரெஞ்சு முறையில் 'மேத்ரு' என்போம். "கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு, போதும்" என்று சொல்லிக்கொடுத்தார். அதைவிடச் சின்ன வேலை எனக்கு உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்தேன்.

அன்றைக்குப் பின் பெஞ்சில் அப்பாவும் அண்ணியும். இந்தப் பக்கம் மேத்ரு. அந்தப் பக்கம் அவரும் அவர் வக்கீலும். இஸ்திரி போட்ட சட்டையில் மாப்பிள்ளை போல இருந்தார். நான் கூண்டில் ஏறினேன்.

பெஞ்சு கிளார்க் கேட்டார், "பேரு?"

"தனலட்சுமிங்க."

"புருஷன் பேரு?"

நான் மேத்ருவைப் பார்த்தேன்.

"புருஷன் பேரும்மா."

கையை நீட்டிக் காட்டினேன். "அவருதாங்க."

ஜட்ஜுக்கு அன்று ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே, "ஆள் தெரியுது. பேரைச் சொல்லுங்க" என்றார்.

யோசித்தேன். ஊரில் பெண்கள் பேரைச் சொல்லாமல் சொல்ல வழி வைத்திருக்கிறார்களே, அதைப் பிடித்துக்கொண்டேன்.

"முருகனுக்கு அண்ணனுங்க."

கிளார்க் எழுதிக்கொண்டார். ஜட்ஜ் பேப்பரைப் புரட்டினார். "முருகன் யாரு? மனுவுல அந்தப் பேரே இல்லையே. சாட்சியா?"

'சாட்சி' என்ற சொல் காதில் விழுந்ததும், ஆள் கூப்பிடுவதற்காக வாசலில் நின்ற டவாலி பழக்க தோஷத்தில் வராந்தாவைப் பார்த்து, "முருகன்! முருகன்! முருகன்!" என்று மூன்று முறை கூவிவிட்டார். ஒரு ஆள் ஓடி வந்து கைகூப்பி நின்றார்.

"ஐயா, சத்தியமா அந்த சைக்கிள நான் எடுக்கலீங்க!"

வேறு கேஸ் முருகன். அவரை வெளியே அனுப்பவே கொஞ்ச நேரம் பிடித்தது. மேத்ரு தலையில் கை வைத்துக்கொண்டார். நான் நின்ற இடத்தில் பூமி பிளக்கும் என்று காத்திருந்தேன். பிளக்கவில்லை. சிமெண்டுத் தரை.

அப்போதுதான் எதிர்வக்கீல் எழுந்தார். குரலில் தேன் வழிந்தது.

"கனம் கோர்ட்டார் அவர்கள் கவனிக்கணும். கோர்ட்டு வரைக்கும் வந்தும், கட்டின புருஷன் பேரை வாயால சொல்ல மனசு வரல இந்தப் பொண்ணுக்கு. இதுதாங்க பக்தி. இவங்களைப் பிரிக்கறது பாவமில்லையா?"

ஜட்ஜ் என்னைப் பார்த்தார். அவர் முகம் இளகியது.

"அவர் சொல்றதும் சரியாத்தான் படுது. இவ்வளவு மரியாதை வெச்சிருக்கறவங்க கொஞ்சம் உக்காந்து பேசிப் பாருங்களேம்மா. ஒரு ஆறு மாசம் தள்ளி வைக்கிறேன்."

ஆறு மாதம்! மேத்ரு என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார், சொல்லித் தொலையம்மா என்று. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. எனக்கு அவரை விட்டுப் போகத்தான் ஆசை, சாகடிக்க ஆசை இல்லையே! அம்மா சொன்ன ஆயுசுக் கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

பின் பெஞ்சிலிருந்து அண்ணி, "சொல்லேண்டி! வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்று கத்தினார். டவாலி, "உஸ்" என்றார். "நீ உஸ்ஸு. சைக்கிள் திருடனக் கூப்ட்டவன்தான நீ" என்றார் அண்ணி.

இவ்வளவும் நடக்கும்போது அந்தப் பக்கம் என் புருஷன் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, யாரும் கேட்காமலே பேசினார்.

"ஐயா, அவ சொல்ல மாட்டா. அவ பேருலயே என் பேருதான் இருக்குது, அதயே சொல்ல மாட்டா. எத்தினி கோர்ட்டு ஏறினாலும் என் பேரத்தான் தூக்கிக்கினு திரியணும். எங்க போயிடப் போறா?"

அதற்குப் பிறகு நடந்தது எனக்கே சரியாக ஞாபகமில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

"விநாயகம்!" என்றேன்.

கத்தினேன் என்கிறார்கள். அத்தனை வருஷமும் அடக்கி வைத்திருந்தது மொத்தமாக வந்துவிட்டது போலிருக்கிறது. ஒருமுறை சொன்னதும் நிறுத்தவும் தெரியவில்லை. "விநாயகம்! விநாயகம்! விநாயகம்! இந்தா உன் பேரு! எடுத்துக்கினு போ! மூலக்குளத்துல மாட்டிக்க!" ஜட்ஜ் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. டவாலிக்கு யார் கூப்பிட்டால் என்ன, மூன்று முறை பேர் கேட்டால் போதும். வராந்தாவுக்கு ஓடி, "விநாயகம்! விநாயகம்! விநாயகம்!" என்று அவரும் கூவினார். (நான் மேசை மேல் ஏறவில்லை. கூண்டின் கட்டையை இரண்டு தட்டு தட்டினேன். அவ்வளவுதான்.)

அந்த நேரம் பார்த்து, சிரித்துக்கொண்டிருந்த என் புருஷனுக்குப் புரை ஏறியது.

சாதாரணப் புரை இல்லை. முகம் சிவந்து, கண் பிதுங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். எனக்கு உயிரே போய்விட்டது. ஆயுசு! என் கண் முன்னாலேயே குறைகிறது! கூண்டை விட்டு இறங்கி ஓடினேன். மேத்ரு முன்னால் இருந்த தண்ணீர் டம்ளரைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வாயில் ஊற்றினேன். பாதி சட்டையில் போனது. தலையில் தட்டினேன். கொஞ்சம் பலமாகத்தான் தட்டினேன் என்று அண்ணி இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

எதிர்வக்கீல் துள்ளி எழுந்தார். "பாருங்க, பாருங்க! தண்ணி குடுக்கறாங்க! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

ஜட்ஜ் என்னிடம் கேட்டார், "ஏம்மா, வேணாம்ங்கறீங்க, அப்புறம் தண்ணி குடுக்கறீங்க. என்னதான் உங்க மனசுல?"

நான் டம்ளரோடு நின்றேன். வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது.

"ஐயா, இவரு இப்பச் செத்துட்டா நான் தாலியறுத்தவளாப் பூடுவேனுங்க. அப்பயும் அதே பேருதான். எனக்கு அது வேணாம். இவரு நூறு வயசு நல்லா இருக்கட்டும். அவரு பேரோட அவரு இருக்கட்டும், என் பேரோட நான் இருக்கறேன்."

ஜட்ஜ் சிரித்தார். சிரிப்பில் அவருக்கும் இருமல் வந்தது. டம்ளரில் தண்ணீர் மிச்சம் இல்லை. ஆறு மாதப் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. மூலக்குளம் பலகையைப் பற்றி என் புருஷனிடம் நாலு கேள்வி கேட்டார். மாட்டியது தான்தான் என்று அவர் ஒத்துக்கொண்டார். சாயங்காலம் விவாகரத்து கொடுத்துத் தீர்ப்பு வந்தது.

வராந்தாவில் மேத்ரு பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார், "இனிமே காகிதத்துல பேரை எப்படி எழுதிக்கப் போற?"

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பழையபடி 'க' போட்டுக்கலாமில்ல? அது அங்கயேதான் இருக்குது. நான் யாருக்கும் குடுக்கல."

"மாமா, ஒரு ஆம்பள எழுத்த இப்பதான் எறக்கி வெச்சிருக்கா. மூச்சு வுட வுடுங்க" என்றார் அண்ணி.

"நான் ஆம்பளயா? நான் அப்பன்."

இருவரும் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். சைக்கிள் முருகன் கூட ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் மேத்ருவிடம் மெதுவாகச் சொன்னேன்.

"வெறும் தனலட்சுமின்னு போடுங்க."

அப்பா பேச்சை நிறுத்தினார். எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் தன் செருப்பைப் பார்த்தபடியே, "அதுவும் நல்லாத்தான் இருக்குது. கூப்புட லேசு" என்றார். பஸ் ஸ்டாப் வரைக்கும் என் பையை அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

நான் சொன்னதை மேத்ரு அப்படியே தன் குமாஸ்தாவிடம் சொல்ல, அது கடைக்குப் போய், கடையிலிருந்து தெருவுக்கு வந்து, என் பேரே 'வெறும் தனலட்சுமி' ஆகிவிட்டது. அண்ணி பிள்ளைகளுக்கு நான் அன்றிலிருந்து 'வெறும் அத்தை'. இப்போது அவர்கள் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் கூட ஒருமுறை அப்படியே அச்சடித்துவிட்டார்கள். பிள்ளையார் சதுர்த்தி வந்தால் முதல் கொழுக்கட்டையை எடுத்து என் வாயில் திணித்து, "பேரச் சொல்லு அத்த, பேரச் சொல்லு" என்று கூத்தடிப்பார்கள்.

கோர்ட்டுக்குப் போன மறுநாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதே கிளினிக்குக்குப் போனேன். மூன்று தனலட்சுமிகள் இருந்தார்கள். எந்த தனலட்சுமி என்று ஜன்னலில் கேட்டார்கள். 'வெறும் தனலட்சுமி' என்று முழுசாகச் சொன்னேன். தொண்டை மாத்திரை கொடுத்தார்கள். மத்தியானம் கடைக்குப் போய்விட்டேன்.