மண்டி மாமா பெயர்மேல் விழுந்த கோடு

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தால் பொண்ணு பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் படிக்கிறவர்கள் குறைவு. கவரிலிருந்து உருவியதும் கண் நேராகக் கீழே இறங்கிவிடும். தன் பெயர் இருக்கிறதா, எத்தனையாவது வரி, எழுத்து என்ன பருமன், பக்கத்தில் யாரைப் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் திருப்தியாக இருந்தால்தான் முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்றே பார்ப்பார்கள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள்தான் நானும். அப்படியிருந்தும் என் கல்யாணத்திலேயே, வரப்போகும் சொந்தத்தில் மிக முக்கியமான ஒருவரின் பெயருக்குக் குறுக்கே கோடு போட்டுவிட்டேன். உண்மையில் நான் போடவில்லை, ப்ளகின் போட்டது. (இந்த வாக்கியத்தை அப்போது எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒருவர்கூட நம்பவில்லை.)

அப்போது நான் கோவில்பட்டியில் வீட்டில் இருந்தபடியே ஒரு சென்னைக் கம்பெனிக்கு வெப்சைட் செய்து கொடுக்கும் வேலையில் இருந்தேன். சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் என் பேச்சைக் கேட்டால், இன்டர்நெட்டை நானே கண்டுபிடித்து, போனால் போகிறது என்று ஊருக்கு விட்டுக்கொடுத்தவள் மாதிரி இருக்கும். அந்தத் தெம்பில், அச்சடித்த பத்திரிகை போக என் கல்யாணத்துக்குத் தனியாக ஒரு வெப்சைட்டும் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். பாத்திரக்கடை வைத்திருக்கும் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அதுல பந்தி போட முடியுமாட்டி?"

முடியாதுதான். ஆனால் வேறொன்று முடியும் என்று காட்டினேன். எங்கள் ஆட்கள் பத்திரிகையில் பெயருக்குக் கீழே கடைப் பெயரையும் போட்டுக்கொள்வார்கள். என் வெப்சைட்டில் அந்தப் பெயரைத் தொட்டால் போதும், அவருடைய கடையின் வெப்சைட் திறக்கும். வெப்சைட் இல்லாதவர்களுக்கு ஃபேஸ்புக் பக்கமோ, கூகுள் மேப்பில் கடை இருக்கும் இடமோ வரும். இந்தச் சங்கதி வெளியே கசிந்ததுதான் தாமதம், அதுவரை "இதெல்லாம் எதுக்கு வெட்டியா" என்றவர்கள் எல்லோரும் தேடி வந்து லிங்க் கொடுக்க ஆரம்பித்தார்கள். அப்பா கடைக்குப் பக்கத்துக் கடையில் ஜவுளி வியாபாரம் செய்யும் காதர் பாய் இரண்டு தடவை வந்தார்.

"ஏம்மா, எம்பேரைத் தொட்டா என் கடை வாசல்ல கொண்டாந்து விடணும், கேட்டியா? இந்த மேப்பு எப்பமும் பக்கத்துச் செருப்புக் கடையிலதான் கொண்டு விடுது."

இப்படிச் சேர்ந்த லிங்க்குகளில் பாதிக்கு எப்போது வேண்டுமானாலும் உயிர் போகலாம் என்கிற நிலைமை. எல்லாம் மகன்மார்கள் காலேஜில் படித்தபோது ஆர்வக் கோளாறில் செய்து கொடுத்துவிட்டு, பிறகு திரும்பிப் பார்க்காதவை. தினமும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கக் கல்யாணப் பொண்ணுக்கு நேரம் ஏது? (புருவம் திருத்தவே ஒரு நாள் போய்விட்டது.) அதனால் ஒரு ப்ளகினைப் போட்டேன். ப்ளகின் என்றால் வெப்சைட்டுக்கு நாம் வைக்கும் வேலையாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்திலிருந்து வெளியே போகும் லிங்க்குகளை எல்லாம் அதுவே நாள் தவறாமல் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராதவற்றைக் கண்டுபிடிக்கும். அதன் செட்டிங்ஸில், 'பதில் வராத லிங்க்கின் குறுக்கே கோடு போடு' என்ற இடத்தில் ஏற்கெனவே டிக் அடித்திருந்தது. அதைப் படிக்காமலே சம்மதம் கொடுத்துவிட்டு மெஹந்தி டிசைன் பார்க்கப் போனேன்.

இப்போது மண்டி மாமாவைச் சொல்ல வேண்டும். என் மாமியாருக்கு ஒரே தம்பி, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். விளாத்திகுளத்தில் மிளகாய் வத்தல் மண்டி. (முறைப்படி எனக்கு அவர் சித்தப்பா ஆக வேண்டும். ஊரே மண்டி மாமா என்பதால் நானும் மாமா என்றே ஆரம்பித்து, அப்படியே நின்றுவிட்டது.) அக்காளும் தம்பியும் ஏழெட்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள். காரணம், ஒரு பத்திரிகை. அக்கா மகள் சடங்குக்கு அடித்த பத்திரிகையில் தாய்மாமனான அவர் பெயர் இரண்டாவது வரிக்குப் போய்விட்டது. முதல் வரியில் அக்கா வீட்டுக்காரரின் அண்ணன். மாமா சீர்த்தட்டை மண்டபத்தில் இறக்கி வைத்துவிட்டு, கை நனைக்காமல் கிளம்பிப் போனார். எங்கள் கல்யாணத்தை முன்னிட்டுத்தான் யார் யாரோ நடந்து பேசி, அவரைச் சம்மதிக்க வைத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு முதல் மாலை தாய்மாமன் கையால்தான் விழ வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அவர் வராவிட்டால் கல்யாணத்தைத் தள்ளிப் போடுவேன் என்று அத்தையே, அதாவது என் மாமியாரே, சொல்லியிருந்தாள். அதனால் பத்திரிகையிலும் சரி, வெப்சைட்டிலும் சரி, முதல் வரி, பெரிய எழுத்து, மாமாவுக்குத்தான்.

அந்த மாமாவின் வெப்சைட்டுக்குத்தான் அவர் மகன் வருஷச் சந்தா கட்ட மறந்திருந்தான். என் ப்ளகின் போய்க் கூப்பிட்டது. பதில் இல்லை. பெரிய எழுத்துக்கு ஏற்றபடி பெரிய கோடாகவே போட்டது.

நான் அதைக் கவனிக்கும் முன்பே சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழு கவனித்துவிட்டது. எட்டயபுரத்தில் மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் இருக்கிறார், எங்கே துஷ்டி என்றாலும் அந்த இழவு வீட்டில் முதல் ஆளாகப் போய் நிற்பவர். மாமா பெயர்மேல் கோட்டைப் பார்த்ததும், யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், ஆளுயர ரோஜா மாலை வாங்கிக்கொண்டு விளாத்திகுளம் பஸ் ஏறிவிட்டார். மண்டிக்குள் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நுழைந்தபோது மாமா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. மாலை யாருக்கு?" என்று கேட்டிருக்கிறார் மாமா.

சித்தப்பா மாலையைக் கீழே வைத்துவிட்டு, போனை எடுத்துக் காட்டினார். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். தான் செத்துப்போனதாக அவர் நினைக்கவில்லை. (நினைத்திருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம்.) ரேஷன் கார்டில் பெயர் அடிப்பது மாதிரி, சொந்தத்திலிருந்தே தன் பெயரை அடித்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார். உடனே எங்கள் அப்பாவுக்குப் போன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு எங்க அக்கா ரெண்டாவது வரியில போட்டா. நீங்க குறுக்க கோடே போட்டுட்டிய. நல்ல முன்னேத்தந்தான். மாலை போட வேற மாமனைப் பாத்துக்கிடுங்க."

அப்பா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. நான் லேப்டாப்பைப் பிடுங்கித் திறந்து, அந்த லிங்க் சரியாகத்தான் இருக்கிறது என்று ப்ளகினுக்குப் பொய் சொல்லி, கோட்டை எடுத்தேன். என் போனில் கோடு போய்விட்டது. வெற்றி வீராங்கனையாக மாமாவுக்குப் போன் செய்தேன்.

"மாமா, இப்பம் பாருங்க, சரியாயிட்டு."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கோடு அப்படியேதான் இருக்கு."

"அது பழசு மாமா. உங்க போன்லயே தங்கிக்கிட்டு."

"எது, எம்மேல உள்ள கோவமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் அத்தை அழுதுகொண்டே கயத்தாற்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மறுநாள் காலை அப்பா, அத்தை, நான் மூன்று பேரும் விளாத்திகுளம் போனோம். கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது நலங்கு மஞ்சள் பூசிய முகத்தோடு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போன பெண் இந்தக் கரிசல் காட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்பா கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம். வழி நெடுக வத்தல் காயப்போட்டுக் கிடந்தது. கண்டக்டர் முதற்கொண்டு எல்லோரும் என்னையே பார்த்த மாதிரி இருந்தது. எனக்கு உள்ளுக்குள் நிஜமாகவே பயம். ஒரு டிக்கினால் என் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தேன்.

மண்டியில் மூட்டை மூட்டையாக வத்தல். உள்ளே கால் வைத்ததும் மூன்று பேருக்கும் தும்மல். மாமா எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எடை போடுகிறவரிடம் சொன்னார்: "பொண்ணு வீட்டுக்காரவிய வந்திருக்காவ. நாற்காலி எடுத்துப் போடு. நமக்குத்தான் பேரு இல்ல, அவியளுக்கு நாற்காலியாவது இருக்கட்டும்."

அவர் தலைக்கு மேலே ஆணியில் அந்த ரோஜா மாலை தொங்கியது. வாடிப் போயிருந்தது. அப்பா அதையே பார்ப்பதைக் கவனித்து, "சாட்சிக்கு வச்சிருக்கேன்" என்றார் மாமா.

நான் லேப்டாப்பைத் திறந்து, தும்மலுக்கு நடுவே விளக்கினேன். "மாமா, இது மிசினு. ஒவ்வொரு பேருக்கும் போய்க் கூப்பிட்டுப் பாக்கும். பதில் வந்தா விட்டுரும். வரலைன்னா கோடு போட்டுரும். உங்க வெப்சைட்டு செத்துப்போச்சு, அதான்..."

"எது செத்துப்போச்சு?"

அப்பா இருமினார்.

"வெப்சைட்டு மாமா. நீங்க நல்லா இருக்கீய."

"அதை நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாக்கும்."

அதுவரை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்த அத்தை சட்டென்று எழுந்தாள்.

"ஏலே சங்கரா, மிசினு ஒரு தடவை கூப்பிட்டுப் பாத்துட்டுக் கோடு போட்டுட்டு. நான் ஒவ்வொரு பொங்கலுக்கும் போன் போட்டேம்லே. ஒரு தடவை எடுத்தியா நீ? நான் கோடு போட்டேனா? ரெண்டாவது வரியில போட்டது தப்புதான். அதுக்காவ கூடப் பொறந்தவனை இல்லைன்னு ஆக்கிருவேனாலே?"

  மாமா தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். "வத்தல் நெடி" என்றார். முப்பது வருஷமாக அந்த நெடியில் உட்கார்ந்திருக்கிற மனிதர்.  எனக்கும் கண் கலங்கிவிட்டது, அது நெடியாலும்தான்.

துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, மாமா விட்டுக்கொடுக்காத குரலில், "சரி, இப்பம் கோடு போயிட்டான்னு காட்டு" என்றார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டு, கடலைமிட்டாயைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் நான் நிபுணர் ஆயிற்றே. மாமா பெயரிலிருந்த செத்த லிங்க்கை எடுத்துவிட்டு மண்டியின் மேப்பை வைத்தேன். அதோடு விடாமல், "இப்பம் எல்லாத்தையும் உங்க கண்ணு முன்னாலயே செக் பண்ணிருதேன் மாமா" என்று, 'எல்லா லிங்க்கையும் உடனே சோதி' என்ற பொத்தானையும் அழுத்தினேன். (கோடு போடும் டிக்கை முதலில் எடுத்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். என் கணவரும் கேட்கிறார், வருஷத்துக்கு ஒரு முறை, கல்யாண நாளன்று.)

வெப்சைட்டைத் தாங்குவதற்கு நான் வாங்கியிருந்தது இருப்பதிலேயே மலிவான சர்வர். எல்லோரையும் ஒரே நேரத்தில் கூப்பிடச் சொன்னதும் அதற்கு மூச்சு முட்டிவிட்டது. யாரையும் கூப்பிட முடியவில்லை. தன் மேல் குற்றம் என்று எந்த வேலையாள் ஒப்புக்கொள்வான்? உலகத்தில் ஒருவரும் பதில் சொல்லவில்லை என்று முடிவு கட்டி, மேலிருந்து கீழ்வரை சரசரவென்று கோடு போட்டுத் தள்ளிவிட்டது.

நான் அவசரமாக லேப்டாப்பை மூடப் போனேன். மாமா மூடவிடாமல் பிடித்துக்கொண்டார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துச் சத்தமாகப் படித்தார்.

"எம்பேரு, கோடு. மாப்பிள்ளை, கோடு. அண்ணாச்சி, உங்க பாத்திரக்கடையும் கோடு. ஜவுளிக்கடை காதர் பாய், கோடு."

அப்பா, "அவரு என்னய்யா பாவம் செஞ்சாரு" என்று முனகினார்.

மாமா விரல் ஓரிடத்தில் நின்றது. அக்கா வீட்டுக்காரரின் அண்ணன் பெயர். அன்றைக்குச் சடங்குப் பத்திரிகையில் முதல் வரியில் இருந்த அதே ஆள்.

"அக்கா, உன் கொழுந்தனாருக்கும் கோடு!"

"கொழுந்தனாரு இல்லலே, மச்சாண்டாரு" என்று அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டே திருத்தினாள்.

"எந்த ஆண்டாரா இருந்தா என்ன, கோடு கோடுதான்." சொல்லிவிட்டு மாமா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பில் தும்மல் வந்து, தும்மலில் சிரிப்பு வந்து, எடை போடுகிறவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பக்கத்தில் கோடு விழாத பெயர் ஒன்றே ஒன்றுதான். என்னுடையது. அதில் நான் லிங்க் வைத்திருக்கவில்லை.

"பொண்ணு மட்டும் தப்பிச்சுக்கிட்டா, பாத்தியளா" என்றார் மாமா. "இப்பந்தான் பத்திரிகை பத்திரிகையா இருக்கு. மொத வரி, ரெண்டாவது வரி எல்லாருக்கும் ஒரே மரியாதை."

பிறகு ஆணியைப் பார்த்தார். "ஏய், அந்த வாடுன மாலையைக் கழட்டி வெளிய போடு. மாப்பிள்ளைக்குப் புது மாலைக்குச் சொல்லி விடணும்."

அத்தை மறுபடியும் அழுதாள். அப்பா கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்தார். நான் ப்ளகினைக் கழற்றினேன்.

கல்யாணத்தன்று மாமா முதல் மாலையைப் போட்டார், வயிறாரச் சாப்பிட்டார். கைகழுவிவிட்டு வந்து, பந்தியில் உட்கார்ந்திருந்த மச்சாண்டாரிடம் அன்றைக்கு மண்டியில் தன் போனில் படம் பிடித்து வைத்திருந்த, எல்லோருக்கும் கோடு விழுந்த அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார்.

இப்போது எங்கள் குடும்பத்தில் யாராவது போன் எடுக்காமல் இருந்தால், "கோடு விழுந்துரும், பாத்துக்கோ" என்றுதான் சொல்வது. என் மகளுக்குக் காது குத்தினோம். பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கப் போனபோது அப்பா என்னை உள்ளே விடவில்லை, வெளியே வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மாமா மட்டும் அத்தை போனை ஒரே மணியில் எடுத்துவிடுகிறார். போன பொங்கலன்று ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். அத்தை வாய் திறப்பதற்குள் அந்தப் பக்கமிருந்து அவசர அவசரமாகக் குரல் வந்தது.

"இருக்கேன்க்கா, இருக்கேன்! அந்தப் பிள்ளைட்டச் சொல்லு, கோடு கீடு போட்டுராம."