சர்வருக்குள் போன ஷைஜா

‘இணைக்க முடியவில்லை’ என்று ஒன்பதாவது தடவையாகத் திரை சொன்னபோது, ஷைஜா அதைப் பார்த்து, “நீ சொன்னா நான் விட்டுருவேனா?” என்றாள்.

தக்கலையில், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே சென்னை ஆபீஸ் சர்வருக்குள் போய், மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்த்து அனுப்புவதுதான் அவள் வேலை. இன்றைக்கு முப்பது விண்ணப்பம். மதியம் ஒரு மணிக்குள் போக வேண்டும். மேனேஜர் நேற்றே கறாராகச் சொல்லியிருந்தார்.

“இந்த மாசம் மூணு நாள் உங்க நெட் காலை வாரிடுச்சு. நாளைக்கும் அப்படின்னா வீட்லருந்து வேலைங்கிறது கேன்சல். திங்கட்கிழமை சென்னைக்கு வந்துடுங்க.”

சென்னை என்றாலே ஷைஜாவுக்கு ஆகாது. ஒன்றரை வருடம் அங்கே ஹாஸ்டலில் கிடந்தவள். அப்போது மகள் பிளஸ்ஸி இங்கே மாமியாரிடம் வளர்ந்தாள். லீவில் ஆசை ஆசையாக ஓடிவந்த நாளில், குழந்தை அவளைத் தாண்டிப் போய், அவள் தினமும் வீடியோவில் வந்த செல்போனைக் கட்டிக்கொண்டு “அம்மா” என்றது. அப்படியொரு அழுகையை இன்னொரு தடவை அழ அவளுக்குத் தெம்பில்லை. என்ன ஆனாலும் சரி, சென்னைக்குப் போவதில்லை.

சர்வரைக் கவனிக்கும் தாணுலிங்கத்துக்குப் போன் போட்டாள். அவன் சென்னை ஆபீசில் இருக்கிற சுசீந்திரத்துக்காரன். இவளுடைய ஊர்ப் பேச்சைக் கேட்ட முதல் நாளே மேடத்தை அக்காவாக்கிக் கொண்டவன்.

“கேடு உங்க நெட்டுலதான்க்கா. ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.”

பண்ணினாள். பச்சை விளக்கு சிவப்பானது.

“அப்பம் பொறத்தால ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஊசியால ஒரு குத்து குத்துங்க.”

குத்தினாள். ரௌட்டர் அதுவரை கற்றது அத்தனையையும் மறந்துவிட்டது. தன் பெயர்கூட அதற்கு நினைவில்லை.

இனி செல்போன் நெட்தான். ஆனால் அந்த வீட்டில் சிக்னல் கிடைப்பது கிணற்றடியில் மட்டும். துவைகல்லில் இருந்த துணிகளை ஒதுக்கிவிட்டு ஷைஜா லேப்டாப்பை வைத்தாள். மாமியார் சத்தியபாய் பதறிப்போனாள்.

“ஏட்டி, கம்ப்யூட்டரையா தொவைக்கப் போற?”

“இன்னைக்கு அது ஒண்ணுதான் மாமி பாக்கி!”

ஈரக் கையோடு அவசரமாக பாஸ்வேர்டை அடித்ததில் மூன்று தடவை தப்பியது. அவள் கணக்கையே சர்வர் பூட்டிவிட்டது. மறுபடி தாணுலிங்கம்தான் திறந்து கொடுத்தான்.

“இனியும் தப்பினா நாளைக்குத்தான் தெறக்கும். நல்ல நெட்டு உள்ள எடமா பாத்து இருங்கக்கா.”

மணி பன்னிரண்டு. ஊரில் நல்ல நெட் என்றால் அது சர்ச்சில்தான். கல்யாணங்களை வளைகுடா நாட்டுச் சொந்தங்களுக்கு நேரலையாகக் காட்டவென்றே இழுத்த லைன். ஷைஜா ஸ்கூட்டரை முறுக்கினாள்.

உள்ளே கல்யாண ஆராதனை நடந்துகொண்டிருந்தது. மணப்பெண்ணின் அண்ணன் மஸ்கட்டிலிருந்து நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தான். போதகர் அங்கி மாற்றும் அறையில் சபைச் செயலாளர் ரசலையன் ரௌட்டருக்குக் காவலாக இருந்தார்.

“மாமா, வைஃபை பாஸ்வேர்டு என்ன?”

“இந்த வருசத்துக்குன்னு பைபிள்லருந்து எடுத்த வாக்குத்தத்த வசனமாக்கும் மக்கா. புது வருச ஆராதனையில எல்லாருக்கும் அட்டை தந்தோம்லா? இப்பிடி வச்சாத்தான் ஜனங்க வசனத்தை மறக்கமாட்டாவ.”

ஜனங்கள் மறக்கவே இல்லை. கல்யாணத்துக்கு வந்த நானூறு பேரும் வசனத்தை எழுத்துப் பிசகாமல் அடித்து நெட்டுக்குள் போயிருந்தார்கள். பிரசங்கம் வேறு நீண்டுகொண்டே போனது. ஷைஜா சர்வருக்குள் தலையை நீட்டுவதும் அது வெளியே தள்ளுவதுமாகப் பத்து நிமிடம் போனது.

“மாமா, நான் பாஸ்வேர்டை மாத்தப் போறேன்.”

“ஐயோ! அது வருசம் முழுக்க உள்ள வாக்குத்தத்தமாக்கும்!”

“ஒரு மணி வரைக்கும் மட்டும் மாமா. இல்லேண்ணா எனக்க பிள்ளை திரும்பவும் போனைத்தான் அம்மாண்ணு கூப்பிடும்.”

ரசலையன் ரௌட்டரை விட்டு நாற்காலியை நகர்த்திக்கொண்டார். அவள் மாற்றினாள். நானூறு போனும் ஒரே சமயத்தில் அடங்கின. கூடவே நேரலையும் நின்றது. அடுத்த நிமிடம் மஸ்கட்டிலிருந்து ரசலையனுக்கு அழைப்பு.

“மாமா, தங்கச்சிக்குத் தாலி கெட்டியாச்சா, இல்லியா?”

ரசலையன் கதவிடுக்கில் எட்டிப் பார்த்துப் போனில் வர்ணனை சொல்ல ஆரம்பித்தார். “போதகர் தாலியை எடுக்காரு… மாப்பிள்ளைக்கக் கையில குடுத்தாச்சு… முடிச்சு விழமாட்டேங்கு… ஆங், கெட்டிட்டான்!”

தொங்கிய அங்கிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஷைஜா ஒவ்வொன்றாக அனுப்பினாள். பத்து, பதினெட்டு, இருபத்தேழு. பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு முப்பதாவதும் போனது. பழைய வசனத்தையே மறுபடி பாஸ்வேர்டாக வைத்துவிட்டு, சந்தோஷம் தாங்காமல் அங்கேயே கொஞ்சம் அழுதாள். ரசலையன், பெண் வீட்டுக்காரி என்று நினைத்து யாரும் தேற்ற வந்துவிடாமல் கதவைச் சாத்தினார்.

செல்போன் அடித்தது. தாணுலிங்கம்.

“அக்கா, கேடு உங்க நெட்டுல இல்ல, எங்க சர்வர்லயாக்கும். வீட்லருந்து வேலை பாக்குற நாப்பது பேருல ஒருத்தருக்கும் கெடைக்கல. பத்து மணிக்கே எல்லாரும் மடக்கி வச்சிட்டுப் படுத்தாச்சு. மேனேஜரும், பரவால்ல, வீட்லயே இருங்கன்னுட்டாரு.”

“அப்பம் எனக்கு?”

“நீங்க ஒரு ஆளுதான் எப்பிடியோ உள்ள வந்திட்டிய! இந்த சர்வரைக் கெட்டி மேய்க்க உங்களாலதான் முடியும்னு மேனேஜர் பிரமோஷன் போட்டாச்சு. திங்கட்கிழமையிலருந்து சென்னையில எனக்க சீட்டு உங்களுக்காக்கும். இனி வீட்லருந்து வேலை எனக்காக்கும், நான் இன்னைக்கு வண்டியிலயே ஊருக்கு வாறேன்க்கா!”