தராசுக்கு எழுதிய டிரைவர்

மனைவி பிஸ்கட்டை மேஜை விளிம்பில் ஓங்கித் தட்டினாள். மேஜையில் கீறல் விழுந்தது. பிஸ்கட் அப்படியே இருந்தது.

"ஏங்க, இதை எப்படிங்க ஒரு திறப்பு விழாவுல கொடுப்பாங்க? சாயங்காலம் அந்தம்மா வந்துடுவாங்க."

அவள் பேக்கரிக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் இது. போன வாரம் ஒரே ஒரு பிஸ்கட் வாங்கிப் போன அந்த அம்மா, மறுநாளே பெட்டி பெட்டியாகக் கேட்டுவிட்டார். இதுவும் கைநழுவினால் கடையை மூடிவிடுவதாக அவள் சொல்லிவிட்டாள். ஒரு நாள் பூவாகவும் ஒரு நாள் கல்லாகவும் வந்தால் யார்தான் வாங்குவார்கள்?

"உனக்குக் கைப்பக்குவம் போதாது" என்று இத்தனை நாளும் பெரிய மேதை போலச் சொல்லிவந்த கணவன், காலையில் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்ததிலிருந்து பேயறைந்தவன் போல உட்கார்ந்திருந்தான். கம்ப்யூட்டர் போடும் கணக்குப்படி மாவையும் மற்றதையும் தாமாகவே நிறுத்துக் கொட்டும் கடைத் தராசுகளுக்கு டிரைவர் எழுதியது அவன்தான். டிரைவர் என்றால் கருவிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே தூது போகும் புரோகிராம். "நாமே எழுதினா நம்பிக்கையா இருக்கும்" என்று மார்தட்டியதும் அவன்தான்.

"தப்பு உன் கையில இல்ல," என்றான், சுவரைப் பார்த்தபடி. "என் டிரைவர்ல."

"புரியற மாதிரி சொல்லுங்க."

"கணக்கு போடும்போது கம்ப்யூட்டரோட மூளையான பிராசஸர் எண்ணை வெச்சுக்கற இடத்துக்கு ரிஜிஸ்டர்னு பேரு. இவ்வளவு மாவுக்கு எவ்வளவு வெண்ணெய்னு அது பெருக்கிட்டிருக்கும்போது தராசு நடுவுல கூப்பிடும். உடனே என் டிரைவர் வந்து அதே இடத்துல எடையைப் போட்டுக்கும். ஏற்கெனவே இருந்த எண்ணைப் பத்திரமா எடுத்து வெச்சு, போகும்போது திருப்பி வைக்கணும்."

"வெச்சுதா?"

"இல்ல."

"அதாவது, என் அடுப்புல வேகறதைக் கீழே கொட்டிட்டு உங்களுதை ஏத்தி வெச்சிருக்கீங்க."

"எனக்கு இவ்வளவு தெளிவாத் தெரிஞ்சிருந்தா இந்தத் தப்பே நடந்திருக்காது."

இந்தப் பாடத்தில் அவன் கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியவன். பதக்கம் இன்னும் பீரோவில் இருக்கிறது. பாடம்தான் எங்கே போனதென்று தெரியவில்லை.

பரபரவென்று திருத்தினான். அடுத்த தட்டு வெந்து வந்தது. கடையில் கூடமாட உதவும் மச்சினன் ஒன்றை எடுத்து வாயில் வைத்தான். உடனே தண்ணீர்க் குழாயைத் தேடி ஓடினான்.

"மாமா! ஒரே உப்பு!"

எண்களை எடுத்து வைத்த டிரைவர், திருப்பி வைக்கும்போது இடம் மாற்றி வைத்திருந்தது. சர்க்கரையின் அளவில் உப்பும், உப்பின் அளவில் சர்க்கரையும் விழுந்திருந்தன.

"முன்னாடி எப்பவாவதுதான் கெட்டுச்சு," என்றாள் மனைவி. "இப்ப தவறாம கெடுது."

"கொஞ்சம் பொறு. முடிஞ்சுடுச்சு."

முடியவில்லை. பெரிய தராசு கூப்பிட்டு முடிப்பதற்குள் சின்னத் தராசும் கூப்பிட்டது. அவனோ இரண்டுக்கும் சேர்த்து, எடுத்து வைக்க ஒரே இடம்தான் ஒதுக்கியிருந்தான். மாவுக்கான எண் சமையல் சோடாவுக்குப் போய்விட்டது. சற்று நேரத்தில் அடுப்பின் கதவு தானாகத் திறந்துகொள்ள, மாவு பொங்கி வெளியே எட்டிப் பார்த்தது.

"அக்கா, மாமாவை ஆபீசுக்கு அனுப்பிடு," என்றான் மச்சினன், துடைத்துக்கொண்டே. "அங்கே சம்பளம் கொடுத்துப் பொறுத்துக்கறாங்க."

கணவன் தராசுக்குத் தராசு தனி இடம் ஒதுக்கினான். வரிசையைச் சரிபார்த்தான். ஜன்மத்தில் முதல்முறையாக மறுபடியும் சரிபார்த்தான்.

கடைசித் தட்டு பொன்னிறமாக வந்தது. பிஸ்கட்டை வாயில் போட்ட மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் கைப்பக்குவம் நல்லாத்தாங்க இருந்திருக்கு."

"நல்லாத்தான் இருந்திருக்கு," என்றான். வெட்கம் பிடுங்கித் தின்றது. "எனக்குத்தான் அறிவு போதல. மன்னிச்சுடு."

அவசர அவசரமாகப் பெட்டிகளை நிரப்பி முடிக்கவும் அந்த அம்மா உள்ளே வரவும் சரியாக இருந்தது. மனைவி பெருமையோடு ஒன்றை நீட்டினாள். வாங்கி மென்ற அந்த அம்மாவின் முகம் வாடிப்போயிற்று.

"என்னங்க இது, வாயில வெச்சதும் கரையுது? அன்னிக்கு வாங்கின அந்தக் கல்லை நம்பித்தானேங்க நான் பல் ஆஸ்பத்திரியே திறக்கறேன்!"