சர்டிபிகேட் வாங்கிய மத்தியஸ்தர்

உலகத்தில் சண்டை போடுகிறவர்கள் உண்டு, சண்டையை வேடிக்கை பார்க்கிறவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்தாலும் அவ்வளவாக ஆபத்தில்லை. மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். எங்கே இரண்டு குரல் சேர்ந்து உயர்ந்தாலும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, முகமெல்லாம் கருணையாக வந்து நிற்பார். மத்தியஸ்தர். அதிலும் முறையாகப் பயிற்சி பெற்ற மத்தியஸ்தர். வாசகர்களே, இன்று அவரைத்தான் பார்க்கப்போகிறோம். கொஞ்சம் தள்ளி நின்றே பார்ப்போம். கிட்டே போனால் நம்மையும் எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்.

பம்பாயில் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். லோக்கல் ரயிலில் மூன்று பேர் உட்கார்ந்த பலகையில் நாலாவது ஆள் இடுப்பை நுழைக்க, ஓரத்தில் இருந்தவர் முறைக்க, இவர் அவருடைய மாமியாரை இழுக்க, அவர் இவருடைய ஊரை இழுக்க, நம்மவர் கம்பியில் தொங்கியபடியே, "முதல்ல ஒருத்தர் சொல்றதை ஒருத்தர் காது குடுத்துக் கேப்போமா?" என்று ஆரம்பிப்பார். சண்டைக்காரர்கள் இரண்டு பேரும் குர்லாவில் இறங்கித் தோளில் கை போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். சயானில் இறங்க வேண்டிய இவர் வித்யாவிகாரில் விழித்துக்கொள்வார். அடுத்த ஸ்டேஷன் காட்கோபர் என்று தெரிந்ததும் விழுந்தடித்துக்கொண்டு இறங்கிவிடுவார். காட்கோபர் என்றால் அவருக்கு ஏன் ஆகாது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நாம் பார்க்கிற மாதிரிக்குப் பெயர் வானமாமலை. தாராவியில், தோல் பட்டறையும் முறுக்குப் பட்டறையும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கிற ஒரு திருநெல்வேலிக்காரச் சந்தில் குடியிருப்பவர். மில்லில் டைம்கீப்பராக இருந்து, பெரிய ஸ்டிரைக்கில் மில்லும் வேலையும் ஒன்றாகப் போன பிறகு, சந்தில் நடக்கிற சண்டைகளையே உத்தியோகமாக ஏற்றுக்கொண்டார். பயிற்சி பெறாத காலத்தில் அவர் முறை எளிமையானது. இரண்டு கட்சியையும் வாசலில் நிறுத்தி வேண்டிய மட்டும் கத்த விடுவார். தொண்டை வற்றுகிற நேரம் பார்த்து, "போதும்வே!" என்று ஓர் அதட்டல். பிறகு, "தப்பு உம்ம மேலதான். ஆனா நீரும் ஒண்ணும் யோக்கியம் இல்ல" என்று இருவருக்கும் பங்கு வைத்துத் தீர்ப்பு. தீர்ப்பு இரண்டு பேருக்கும் பிடிக்காது. அதனாலேயே இரண்டு பேரும் ஒப்புக்கொள்வார்கள். உடனே அவர் மனைவி பார்வதியம்மாள் உள்ளேயிருந்து டீ கொண்டுவருவாள்.

விஷயமே அந்த டீயில்தான் இருக்கிறது. வானமாமலை வீட்டு டீயைக் குடித்துவிட்டால் சண்டை முடிந்தது என்பது சந்தின் சட்டம். குடித்தவன் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது. மனசு ஆறாதவன் டம்ளரைத் தொடமாட்டான்; தொடாத டம்ளரைப் பார்த்ததும் வானமாமலை அண்ணாச்சி இன்னொரு அதட்டல் போடுவார். ஸ்டாம்ப் பேப்பர் செய்யாத வேலையை அந்த வீட்டு டீத்தூள் செய்துகொண்டிருந்தது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த மனிதரை யாரோ மாட்டுங்காவுக்கு அழைத்துப்போனார்கள். அங்கே ஒரு சபையின் மாடி ஹாலில், கோர்ட்டுக்குப் போகாமல் வழக்குகளைத் தீர்த்துவைப்பது எப்படி என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் வகுப்பு. நடத்தியவர் ராஜலக்ஷ்மி என்ற வக்கீலம்மாள். படித்தவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். செம்பூர் சொசைட்டி செக்ரட்டரி ஒருவர், தன் கட்டிடத்துச் சண்டைகளை எல்லாம் தானே கிளப்பியவர், நோட்ஸ் எடுத்தார். அணுசக்தி நகரிலிருந்து வந்த விஞ்ஞானி ஒருவர் கோபத்துக்கு கிராஃப் போட்டுக் காட்டினார்.

"நீங்க ஜட்ஜ் இல்லை, மிஸ்டர் வானமாமலை. தீர்ப்பு சொல்லப்படாது. அவாளே முடிவுக்கு வரணும்" என்றார் ராஜலக்ஷ்மி. "வந்தவாளுக்கு முதல்ல ஒரு காபியைக் குடுத்து ஆசுவாசப்படுத்துங்கோ. டென்ஷன் பாதி குறைஞ்சுடும்."

காபி என்ற இடத்தில் டீ என்று மனசில் எழுதிக்கொண்டார் வானமாமலை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை பழகிப் பார்ப்பதற்கு ஒரு வழக்கு வேண்டியிருந்தது. வானமாமலை எழுந்து, "நம்ம சிநேகிதர் ஒருத்தர் கேஸ் இருக்கு" என்றார். தகப்பனார் காரியத்தன்று தம்பி, அண்ணனைக் கேட்காமல் சமையல்காரரை மாற்றிவிட்டான். சாம்பார் நன்றாக வேறு இருந்துவிட்டது. அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேச்சு வார்த்தை கிடையாது. விஞ்ஞானி தம்பியாக நடித்தார். செம்பூர் செக்ரட்டரி அண்ணனாக நடித்தார். வானமாமலை நடுவில் உட்கார்ந்து, இதமாகப் பேசி, தம்பி மனசில் இருந்ததை அண்ணனுக்கும் அண்ணன் மனசில் இருந்ததைத் தம்பிக்கும் எடுத்துச் சொல்லி, இரண்டு பேரையும் கட்டித் தழுவ வைத்தார். ஹாலே கைதட்டியது. செக்ரட்டரிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சிநேகிதர் யார் என்பதையும், அவர் தம்பி கணேசபாண்டியன் எந்த ஸ்டேஷன் பக்கம் குடியிருக்கிறான் என்பதையும் நீங்கள் ஊகித்திருப்பீர்கள். ஹாலில் யாரும் ஊகிக்கவில்லை.

சர்டிபிகேட் பிளாஸ்டிக் உறைக்குள் புகுந்து சுவரில் ஏறியது. மனிதர் மாறிவிட்டார். யார் எது சொன்னாலும் அதையே திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார். அதற்குக் கவனமாகக் கேட்டல் என்று பெயராம்.

"குழாயில தண்ணி நிக்கப் போவுது, குடத்தை எடுத்துட்டுப் போங்க" என்றாள் பார்வதியம்மாள்.

"அதாவது, தண்ணி நின்னுருமோன்னு உன் மனசுல ஒரு ஆதங்கம் இருக்கு. நான் சரியாப் புரிஞ்சிக்கிட்டேனா?"

"மூணு குடமும் காலியாக் கிடக்கு. என் மனசுல என்ன இருக்குன்னு குழாயடியில போய்க் கேளுங்க."

இந்த நிலைமையில்தான் ஏணி வழக்கு வந்து சேர்ந்தது. கரீம் பாட்சா தோல் பை தைப்பவர். அடுத்த வாசல் பிரம்மநாயகம் முறுக்கு சுடுபவர். இருவருக்கும் கீழே பட்டறை, மேலே ஆளுக்கொரு அறை. மேலே போக இரண்டு பேரும் சேர்ந்து அடித்துவைத்த ஒரே இரும்பு ஏணி. கரீம் பாட்சா பசை தடவிய தோல் வார்களை ஏணிப்படியில் காயப் போட்டார். பசை நாற்றம் முறுக்கில் ஏறியது. மாஹிம் கடைக்காரர் ஒருவர் முறுக்கை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது தின்னவா, கால்ல போடவா?" என்று கேட்டதாகக் கேள்வி. அன்றைக்கே பிரம்மநாயகம், தாமும் மேலே போக முடியாது என்பதைப் பாராமல், ஏணியைக் கழற்றித் தன் பட்டறைக்குள் முறுக்கு டின்களுக்கு அடியில் போட்டுக்கொண்டார்.

இதில் சிரிக்க முடியாத சங்கதி ஒன்று இருந்தது. கரீம் பாட்சாவின் மகள் சாயிரா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாதம் நிறைந்துவிட்டது. பசை வாடைக்குக் குமட்டுகிறதென்று மேலறையிலேயே படுத்திருந்தாள். பெயிண்டரிடம் இரவல் வாங்கிய மூங்கில் ஏணியில், ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, அவள் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தாள். வலி எடுத்துவிட்டால் அந்த மூங்கிலிலா இறக்குவது? கரீம் பாட்சாவுக்குப் பயம். ஆனால் பிரம்மநாயகத்தின் வாசலில் போய் நின்று ஏணி கேட்க வாய் வரவில்லை. அதனால் வானமாமலையிடம் வந்தார்.

பழைய வானமாமலையாக இருந்தால் இரண்டு நிமிஷ வேலை. புதியவர் இரண்டு நாற்காலி இரவல் வாங்கி, முழம் போட்டுச் சம தூரத்தில் வைத்து, கட்சிக்காரர்களை உட்காரவைத்து, "பார்வதி, டீ கொண்டா" என்றார்.

"இப்பமேவா?" என்றாள் அவள், நம்பாமல்.

"இப்பமேதான்."

டம்ளர்கள் வந்தன. கரீம் பாட்சா டம்ளரைப் பார்த்தார், எதிரே இருந்தவரைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, பேச்சே ஆரம்பிக்கல, அதுக்குள்ள டீயா? முடிவு பண்ணிட்டுத்தான் கூப்பிட்டியளா?"

"அதான பார்த்தேன்!" என்று பிரம்மநாயகமும் எழுந்தார். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டிய. நான் டீயைக் குடிச்சிட்டு ஏணியைத் தூக்கிக் குடுக்கணும், அப்படித்தான?"

"உக்காரும்வே. இது தீர்ப்பு டீ இல்ல, ஆசுவாச டீ."

"ஆசுவாச டீயா? இதைக் குடிச்சா ஏணி போச்சுல்லா?" என்றார் கரீம் பாட்சா.

"குடிச்சா டென்ஷன் குறையும்."

"இதைப் பார்த்த பொறவுதான் எனக்கு டென்ஷனே" என்று சொல்லிவிட்டு பிரம்மநாயகம் இறங்கி நடந்தார். அந்த வீட்டு வரலாற்றில் முதல் தடவையாக இரண்டு டீயையும் வீட்டுக்காரர்களே குடித்தார்கள்.

தோல்வியில் துவளாமல் இருப்பதும் பயிற்சியில் ஒரு பாடம். அடுத்த நாள் தனித்தனி உரையாடல். ஒரு கட்சி சொல்வது மற்றக் கட்சிக்குத் தெரியக் கூடாது, ரகசியம். மாட்டுங்கா ஹாலில் அதற்குத் தனி அறை இருந்தது. தாராவிச் சந்தில் ஒரு வீட்டில் உப்புப் போதவில்லை என்று சொன்னால் நாலாவது வீட்டிலிருந்து உப்பு வரும். கரீம் பாட்சா தகரச் சுவருக்குப் பக்கத்தில் ரகசியமாகச் சொன்னதற்கெல்லாம் பிரம்மநாயகம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் சொன்னார். மத்தியஸ்தர் நடுவில் போக வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. சாயங்காலத்துக்குள், அண்ணாச்சி வீட்டுக்கு வீடு கோள் சொல்கிறார் என்ற பேச்சு மட்டும் குழாயடி வரைக்கும் போய்விட்டது. அது வானமாமலைக்கு நிஜமாகவே வலித்தது. அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி இருவரையும் நாற்காலியில் கொண்டுவந்து சேர்த்தார். டீ இல்லை. ஆழ்ந்த கேள்விகள்தான்.

"பிரம்மநாயகம், இந்த ஏணி உமக்கு என்னவா இருக்கு? மனசைத் திறந்து சொல்லும்."

"என்னவா இருக்குன்னா? ஏணியா இருக்கு."

"அதுக்கு அடியில என்ன இருக்கு?"

"முறுக்கு டின்னுக்கு அடியில ஏணி இருக்கு. ஏணிக்கு அடியில தரை இருக்கு. உமக்கு என்ன ஆச்சு அண்ணாச்சி? முந்தி நல்லாத்தான இருந்தீரு?"

அப்போதுதான் மேலறையிலிருந்து சாயிரா கத்தினாள். ஒரு கத்தல், பின்னாலேயே, "உம்மா!" என்று இன்னொன்று. கரீம் பாட்சா எழுந்தார், எங்கே போவதென்று தெரியாமல் நின்றார். பிரம்மநாயகம் நிற்கவில்லை. பட்டறைக்குள் பாய்ந்து, ஒரு நாள் முழுக்கச் சுட்ட முறுக்கு டின்களைக் காலாலேயே தள்ளிவிட்டு, ஏணியின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு, "பாய்! அந்தப் பக்கம் பிடியும்! என்ன மரம் மாதிரி நிக்கீரு?" என்று அலறினார்.

"ஒரு நிமிஷம், உக்காருங்க" என்றார் வானமாமலை. "நாம இன்னும் மூணாவது கட்டத்துக்கே வரல."

யாரும் உட்காரவில்லை. ஏணி மாட்டப்பட்டது. நொறுங்கிய முறுக்கை மிதித்துக்கொண்டு சந்தே கூடி நிற்க, பார்வதியம்மாள் கீழே நின்று கை கொடுக்க, சாயிரா இரும்புப் படியில் பத்திரமாக இறங்கினாள். டாக்ஸியில் டிரைவர் பக்கத்தில் பிரம்மநாயகம் தானாகவே ஏறிக்கொண்டு, "சயான் ஆஸ்பத்திரி, ஜல்தி!" என்றார். மத்தியானம் பெண் குழந்தை.

மறுநாள் சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். சம தூரத்து நாற்காலிகளை விட்டுவிட்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். "மதினி, டீ போடுங்க" என்று கரீம் பாட்சா உள்ளே பார்த்துச் சொன்னார். வார்கள் இனிமேல் பின்பக்கம் கம்பி கட்டிக் காயுமாம். கம்பி பிரம்மநாயகம் கொடுத்ததாம். ஊதி ஊதிக் குடித்தார்கள்.

"எந்த அடிப்படையில உடன்பாட்டுக்கு வந்திய?" என்று வானமாமலை ஆவலாகக் கேட்டார்.

"அடிப்படையா?" என்று பிரம்மநாயகம் யோசித்தார். "புள்ள கத்துச்சுல்லா, அண்ணாச்சி."

அடுத்த ஞாயிறு மாட்டுங்காவில் பழைய மாணவர்கள் கூட்டம். வானமாமலை எழுந்து, தன் முதல் வழக்கில் கட்சிக்காரர்கள் தாங்களாகவே முடிவுக்கு வந்ததாகவும், தாம் ஒரு சொல்கூடத் தீர்ப்பாகச் சொல்லவில்லை என்றும் அறிவித்தார். அதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. பலத்த கைதட்டல்.

வீடு திரும்பியபோது பார்வதியம்மாள் இரண்டு டம்ளர் டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னொண்ணு யாருக்கு?"

"காட்கோபர்க்காரருக்கு."

வானமாமலை சர்டிபிகேட்டைப் பார்த்தார். தம்பி கல்யாணமாகிப் போகும் வரை இதே வீட்டில், இதே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவன். ஆனால் பயிற்சி பெற்ற மனிதர் அல்லவா?

"அதுல நானே ஒரு கட்சி, பார்வதி. கட்சிக்காரன் மத்தியஸ்தம் பண்ணக் கூடாது. அது முதல் பாடம்."

"மத்தியஸ்தம் யாரு பண்ணச் சொன்னா? போயி டீ குடிக்கக் கூப்பிடத்தான சொல்லுதேன்."

அவர் தன் டம்ளரைக் குடித்து முடித்தார். மற்றதில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் ஆபீசில் மேஜைக்கு மேஜை பேசாமலிருந்த இருவரைக் கான்டீனுக்கு இழுத்துக்கொண்டுபோய்ச் சேர்த்துவைத்தவர் நீங்கள்தானே? மாடி வீட்டு மாமியாரும் மருமகளும் உங்கள் பேச்சுக்குக் கட்டுப்படுவதாகச் சொல்லிக்கொள்வீர்களே? சந்தோஷம், கட்டாயம் செய்யுங்கள், ஊருக்கு உங்களைப் போல ஒருவர் வேண்டும். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடுகிறேன். ரயிலில் போகும்போது, எந்த ஸ்டேஷன் வருவதற்கு முன்னால் நீங்கள் அவசரமாக இறங்கிவிடுகிறீர்கள்?