வேலை இல்லாமல் கண்மாய்க்கு வந்தவர்

அருப்புக்கோட்டை தாலுகாவில் ரகசியம் என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரியாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் மைக்செட் அண்ணன்.

பாளையம்பட்டியில் எங்கள் தெருதான் அவருக்கு. இரண்டு ஸ்பீக்கர் குழாய், ஒரு பெட்டி, ஒரு ரிக்கார்டு பிளேயர். சுற்றுவட்டாரத்தில் காதுகுத்து, கல்யாணம், பொங்கல் எதுவானாலும் அவர் செட்டுதான் பாடும். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டு தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. மைக் இல்லாத நேரத்திலும் அவர் மைக்கில்தான் பேசினார். மனைவி பாக்கியத்தின் காதோடு ஏதாவது சொன்னாரென்றால், திருச்சுழி பஸ்ஸில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டி, "என்னவாம்?" என்று கேட்பார்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. விடிந்ததும் ஆண்களெல்லாம் சொம்போடு கண்மாய்க்கரைக்குப் போவோம். ஆளுக்கு ஒரு கருவேலம்புதர். புதர் ஆளை மறைக்கும், பேச்சை மறைக்காது. பெய்யாத மழை, பருத்தியில் விழுந்த புழு, யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள், ஏன் காப்பி குடிக்காமல் போனார்கள் என்று சகலமும் அங்கேதான் அலசப்படும். சபைத்தலைவர் மைக்செட். நூல் மில்லில் கிளார்க்காக இருந்த நான், எல்லாவற்றுக்கும் "ஆமாண்ணே" சொல்கிற உறுப்பினர்.

ஒருநாள் காலை தலைவர் புதரிலிருந்து அறிவிப்பு வந்தது.

"ஏலே, இன்னைக்கும் ரத்தம்!"

உடனே புதருக்குப் புதர் வைத்தியம் கிளம்பியது. மூலம்தான் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். கருணைக்கிழங்கு என்றது ஒரு புதர். துத்திக்கீரை என்றது இன்னொன்று. அண்ணன் யார் மனதையும் நோகடிக்காமல் எல்லாவற்றையும் சாப்பிட்டார். ரத்தம் நிற்கவில்லை. ஆள்தான் பாதியானார். கடைசியில் எங்களில் மூத்தவரான சீனியப்ப மாமா எழுந்து வேட்டியை உதறினார்.

"கீரையத் தின்னது போதும்ப்பா. நாளைக்கு மருதைக்குக் கெளம்பு."

மில்லுக்கு லீவு போட்டுவிட்டு அண்ணனோடும் பாக்கியத்தக்காவோடும் நானும் போனேன். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். குடலின் அடியில் கட்டி. அதை வெட்டி எடுத்து, பழைய வழியை அடைத்துவிட்டு, வயிற்றின் இடப்பக்கம் புதுவழி திறக்க வேண்டும். வருவதை வாங்கிக்கொள்ள அங்கே ஒரு பை. ஆயுசுக்கும்.

"அப்ப பின்னால இருக்குற பஸ் ஸ்டாண்ட முன்னால மாத்துறீக" என்றார் அண்ணன். டாக்டர் சிரித்தார். அண்ணனும் சிரித்தார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்ததும் அந்தச் சிரிப்பைக் காணோம். "வயித்துல பீப்பையக் கட்டிக்கிட்டு நான் ஊருக்குள்ள வரமாட்டேன் பாக்கியம். இப்படியே செத்துப்போறேன்" என்றார். பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பாக்கியத்தக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஊரு கேக்கக் கத்துனீக. நான் ஒரு வார்த்த சொன்னேனா? இப்ப எனக்கு மட்டும் கேக்குற மாதிரி அழுகுறீக. இதத்தான் என்னால தாங்க முடியல. எந்திரிங்க."

எழுந்து உள்ளே போனார்.

ஆப்பரேசன் முடிந்து ஊர் திரும்பினோம். இப்போது இருப்பது போன்ற ஒட்டுப்பைகள் அன்றைக்கு எங்கள் பக்கம் கிடையாது. ஒரு ரப்பர் வளையம், அதில் மாட்டிய பிளாஸ்டிக் பை, எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ள இடுப்பில் பாக்கியத்தக்கா தைத்த துணிப்பட்டை. குனிந்தால் நழுவும், தும்மினால் கழன்றுகொள்ளும். சுற்றிலும் தோல் வெந்துபோய்விடும். அக்கா வெள்ளைக் களிம்பைத் தடவி விசிறிக்கொண்டு இருப்பாள். அண்ணன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. குழாய்கள் இரண்டும் பரணில் கிடந்தன. கண்மாயில் எங்களுக்கும் பேச்சு ஓடவில்லை. வந்த வேலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

நான் அவரைப் பார்க்கப் போனால், சோறு, வலி எதைப் பற்றியும் அவர் பேசமாட்டார். ஒரே கேள்விதான்.

"காலைல யாரு யாருலே வந்தீக? என்ன பேசுனீக?"

சொன்னதைச் சோற்றுக்கு ஏங்குகிறவர்போல் கேட்டுக்கொள்வார். "நீங்களும் வாங்கண்ணே" என்றேன் ஒருநாள்.

"அங்க எனக்கு என்னலே வேலை?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கார்த்திகைப் பனி இறங்கிய ஒரு காலையில், சொம்பு ஆட கரையில் ஒரு உருவம் வந்தது. அவரேதான். பழைய புதருக்குப் பின்னால் போய், வேட்டியைச் சரிசெய்துகொண்டு மெல்லக் குந்தினார்.

"எனக்கு வேலை ஒண்ணும் இல்ல. பழக்கத்துல வந்துட்டேன். நீங்க ஆகுறதப் பாருங்க."

சீனியப்ப மாமா புதரிலிருந்து குரல் வந்தது. "வேலை இல்லாதவன் எதுக்குய்யா முள்ளுக்குள்ள ஒக்காரணும்? மேட்டுல ஒக்காந்து பேசு. எல்லாருக்கும் கேக்கும்."

அண்ணன் மேட்டுக்குப் போனார். எத்தனையோ மாதப் பேச்சு அவருக்குள் கிடந்தது. அன்று மில்லுக்கு நான் தாமதம்.

அந்த மாசியில் செட்டைத் தூக்கிக்கொண்டு திருச்சுழிப் பக்கம் ஒரு கோவில் பொங்கலுக்குப் போனார். "பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு" என்று தொடங்கியதுதான் தாமதம், இடப்பக்கத்துப் பை தன் அறிவிப்பைச் செய்தது. மைக் அதை விடவில்லை. இரண்டு குழாயும் காட்டைத் தாண்டி அந்தச் சத்தத்தைக் கொண்டுபோயின. கூட்டம் குழாய்களை அண்ணாந்து பார்த்தது. கூட வந்திருந்த பாக்கியத்தக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "யாரும் பயப்பட வேண்டாம். செட்டுல கோளாறு இல்ல. ஆப்பரேசன் பண்ணி என் வயித்துல ஒரு குட்டிச் செட்டு வச்சிருக்காக. அதுக்குச் சுவிச்சு கெடையாது."

கூட்டம் சிரித்த சிரிப்பில் கொட்டுக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். சிரித்து முடித்ததும் ரெட்டியபட்டிக்காரர் ஒருவர் வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய தம்பிக்கும் அதே ஆப்பரேசன் பண்ணச் சொல்லியிருக்கிறார்களாம். மாட்டேன் என்று படுத்துக் கிடக்கிறானாம். மறுநாளே அண்ணன் அங்கே போய்ச் சட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டு வந்தார்.

சில வருஷம் கழித்து எனக்கு விருதுநகருக்கு மாற்றல் வந்தது. பஸ் ஏற்றிவிட வந்தவரிடம், அங்கே வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் இருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அண்ணன் முகம் வாடிவிட்டது.

"உள்ள தனியாவா ஒக்காருவ? பேச்சுத் துணைக்கு ஒரு ஆளு கூட இல்லாமயா?"

வயிற்றில் பையோடு நின்ற மனிதர், எனக்காகப் பரிதாபப்பட்டு பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்தார்.

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. நானும் அதற்குப் பிறகு எத்தனையோ வீடு மாறிவிட்டேன். இன்றைக்கும் காலையில் கதவைத் தாழ்போட்டு உட்கார்ந்தால், உடனே குழாயைத் திறப்பதில்லை. தண்ணீர்ச் சத்தத்தில் யாராவது கூப்பிடுவது கேட்காமல் போய்விடக் கூடாது.